வசதிக்கொடி

கான்ஸ்டன்ட்சா துறைமுகத்துக்கு வெளியே
பதினோரு மாதமாய் நிற்கிறது கப்பல்.
பின்புறம் தொங்குவது
கடலையே பார்க்காத ஒரு நாட்டின் கொடி.
முதலாளி பிரேயஸில்; போனை எடுப்பதில்லை.
கொடி கட்டிப் பறக்கிறாராம்.

மிச்சம் ஐந்து பேர்.
எஞ்சினியர் ஜூராப் கொடிப்பெட்டியைத் திறந்தான்.

முதலில் மஞ்சள்.
அந்தக் காலத்தில் அதற்கு
‘கொள்ளைநோய், கிட்டே வராதே’ என்று பொருள்.
இப்போது
‘நலம், உள்ளே விடுங்கள்’.
துணி அதே துணிதான்.

பிறகு வெள்ளையில் சிவப்புப் பெருக்கல்குறி:
உதவி தேவை.
ஏற்றி நாற்பது நாள்.
பைனாகுலரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன்.
மேலதிகாரி கையெழுத்திட்டார்.

வெள்ளைக்கொடி காட்டலாம்தான்.
சரணடைய
எதிரியாவது வேண்டுமே.

இன்று காலை
கிரேனுக்கும் பாய்மரத்துக்கும் நடுவே
புதிதாய் ஒரு வரிசை:
நீலம், கோடு போட்டது, கிழிந்த வெள்ளை,
மறுபடி நீலம்.
குறியீட்டுப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினேன்.
அப்படியொரு செய்தியே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது.
சமையல்காரன் ரொடேலியோ
துவைத்துக் காயப்போட்டிருக்கிறான்.
அதுவும் கொடிதான்.

காற்று திரும்பியது.
ஒரு சட்டை
என்னைப் பார்த்துக் கையசைத்தது.

பேனா பிடித்த கை
பாதிவரை எழுந்து
நின்றுவிட்டது.