காத்திருப்பு எண் ஒன்று

நாற்பது இடம்.
ஒன்பதாம் வகுப்பில் தனியாக ஒரு பிரிவு,
மாலை ஆறரை வரை கணக்கும் அறிவியலும்,
சனிக்கிழமை ஆய்வகம்,
எல்லாம் அரசாங்கச் செலவு.
பள்ளிக்கூட கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசின்
ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்து
மூன்று தடவை படித்தேன்.

வருமானச் சான்றுக்கு நான்கு நாள்.
இ-சேவையில் சர்வர் படுத்திருந்தது.
அது எழுந்தபோது கரண்ட் போயிருந்தது.
தந்தையின் பணி என்ற கட்டத்தில்
ஓட்டுநர் என்று எழுதினேன்.
எண்ணூர் சாலையில், கன்டெய்னர் வரிசையில்
நேற்றிரவிலிருந்து அவர்
எதையும் ஓட்டவில்லை. நிற்கிறார்.

எதிர்வீட்டுத் தாட்சாயணி வந்தாள்.
"யக்கா, எம் பொண்ணுக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்.
இப்டி கட்டம் கட்டமா பாத்தாலே
எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது."
எழுதிக் கொடுத்தேன்.
என் பிள்ளையின் படிவத்தில் பழகிய கை,
அவளுடையதில் எழுத்து அழகாகவே விழுந்தது.

காலண்டர் தாள்களின் பின்பக்கம்
சட்டைப் பொத்தானை வைத்து வட்டம் வரைந்தேன்.
ஒரு கேள்விக்கு நான்கு.
மூன்றை விட்டுவிடணும்,
ஒன்றைக் கறுப்பாக்கணும்,
வெளியே வழியாமல், உள்ளே வெள்ளை தெரியாமல்.
லோகித் கறுப்பாக்கினான்.
பக்கத்தில் குப்புறப் படுத்து
பவதாரணியும் கறுப்பாக்கினாள்.
எங்கள் வீட்டுத் தரையில்,
எங்கள் வீட்டுப் பேனாவால்.

தேர்வன்று கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி.
இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்தபடி
வேகன்களை எண்ணினேன்.
நாற்பதில் நிறுத்திக்கொண்டேன்.
அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன.

பட்டியலில்
நாற்பதாவது பவதாரணி.
அப்புறம் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது.
கோட்டுக்குக் கீழே
காத்திருப்போர், ஒன்று: லோகித்.
வித்தியாசம் அரை மதிப்பெண்.

தாட்சாயணி ஜாங்கிரி கொண்டுவந்தாள்.
"நீ எழுதிக் குடுத்ததுதான் யக்கா."
தெரியும்.

பதினைந்து நாளில் யாராவது விலகினால் கூப்பிடுவோம்,
போனை ஆஃப் பண்ணிடாதீங்க என்றார் டீச்சர்.
அன்றிலிருந்து
போன் இடுப்பை விட்டு இறங்கவில்லை.
எனக்கொரு ரகசிய வேலையும் சேர்ந்துகொண்டது.
நாற்பது வீட்டில் ஒரு வீடு
வாடகை கட்டுப்படியாகாமல் மீஞ்சூர் பக்கம் போகட்டும்.
ஒரு அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைக்கட்டும்,
நல்ல வேலையாகவே.
ஒரு பிள்ளையை அதன் சித்தப்பா
பணம் கட்டிப் பெரிய பள்ளியில் சேர்க்கட்டும்.
யாருக்கும் நோகாத விலகலாகப் பார்த்து
கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினேன்.
பவதாரணி பக்கம் போகாமல்தான்
சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல்.
மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை.
"நிறுத்திடலாமானு பாக்குறேன் யக்கா,
ஆறரைக்கு மேல பொம்பளப் புள்ள
இருட்டுல கேட்டாண்ட தனியா நிக்குது.
நீ இன்னா சொல்ற?"

அடுப்பில் கஞ்சி கொதித்தது.
அவளுக்கென்று வைத்த கஞ்சிதான்.
ஒரு கேள்வி.
நான்கு வட்டம்.
கரண்டியைக் கையில் பிடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.
அவள் மறுபடி "யக்கா" என்றாள்.

"ஆறரைக்கு லோகித் போய் இட்டாந்துருவான்"
என்றது என் வாய்.
எனக்கு அதன்மேல் கோபம்
இரண்டு நாள் இருந்தது.

இப்போது தினமும் போகிறான்.
அவள் பையிலிருந்து அன்றைய தாள்களை வாங்கி
ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
சில நாள் அவளுக்குப் புரியாததை
இவன் சொல்லிக்கொடுப்பது கேட்கிறது.
நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுகிறேன்.

பதினைந்தாம் நாள் மாலை போன் அடித்தது.
ஈரக் கையோடு எடுத்தேன்.
அவர்தான், எண்ணூர் சாலையிலிருந்து.
"பத்து வண்டி நகந்துச்சு" என்றார்,
சந்தோஷமாக.
மணி ஏழே கால்.
பிள்ளைகள் இன்னும் வரவில்லை.
கேட் மூடியிருக்கும்.