கேட் வரைக்கும்

வெண்ணாம்பட்டி கேட் விழுந்துவிட்டால்
வேனில் பன்னிரண்டு வாயும் திறந்துகொள்ளும்.
ரயில் வர ஏழு நிமிஷம். சில நாள் பதினொன்று.
அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாடை நின்றது.
செவ்வந்தி மாலை, ஊதுவத்திப் புகை,
பறை அடிக்கிறவர்
குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
போன் பார்த்துக்கொண்டிருந்தார்.
கேட் எல்லாருக்கும் கேட்தான்.

"அவரு எங்கண்ணா போறாரு?"
"சுடுகாட்டுக்கு."
"அப்புறம்?"

நான் ஹாரன் மேல் இருந்த தூசியைத் துடைத்தேன்.
அதற்குள் ருத்ரேஷ் ஆரம்பித்துவிட்டான்:
எங்க தாத்தாவ உக்கார வெச்சுத்தான் பொதச்சாங்க,
சம்மணம் போட்டு, கையில லிங்கம் குடுத்து.
சிவன் கூப்ட்டா சட்டுனு எந்திரிக்கணும் இல்ல.

படுக்கத்தான் வெக்கணும் என்றாள் சுஹைனா.
முகத்த ஒரு பக்கமாத் திருப்பி.
எல்லாரும் திரும்பி நடக்கிற செருப்புச் சத்தம்
உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்குமாம்.
அப்புறம் ரெண்டு மலக்கு வந்து கேள்வி கேப்பாங்க.
"எத்தன கேள்வி?"
"மூணு."
"தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?"
அது அவளுக்கும் தெரியவில்லை.
வாப்பாவிடம் கேட்டுவந்து நாளைக்குச் சொல்வாள்.

கோவிலூர் ரெனிஷாவுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு.
உத்தரிக்கிற ஸ்தலம்.
நேரா மோட்சம் விடமாட்டாங்க, அங்க காத்திருக்கணும்,
நாம ஜெபம் பண்ணப் பண்ணச் சீக்கிரம் தொறப்பாங்க.
"இந்த கேட் மாதிரியா?"
அவள் தண்டவாளத்தை எட்டிப் பார்த்து
யோசித்துச் சொன்னாள்: "ஆமா. ஆனா பெருசு."

"ஒண்ணுமே கெடையாது" என்றான் செங்கதிர்.
அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர்.
எங்க பெரியப்பாவ மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துட்டோம்.
அக்காங்க படிக்கிறாங்க.
"அவரு பக்கத்துல உக்காந்தா?"
"இல்ல. அவரத்தான் படிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு பின்சீட்டில் யாரோ 'பொய்' என்று சொல்ல
ஒரு தண்ணீர் பாட்டில் பறந்தது.
மூடி கழன்று என் பிடரியெல்லாம் ஈரம்.
"அண்ணா, நீங்களே சொல்லுங்க, யார் சொல்றது கரெக்டு?"

இந்த மஞ்சள் வண்டிக்கு முன்னால்
ஆறு வருஷம் வெள்ளை வண்டி ஓட்டினேன்.
ஆஸ்பத்திரி பின்வாசலிலிருந்து.
எந்த மயானத்தில் குழாயில் தண்ணீர் வரும்,
எந்த கபர்ஸ்தான் மழைக்குச் சேறாகும்,
எந்தக் கல்லறைச் சந்தில் வண்டி திரும்பாது,
எல்லாம் தெரியும்.
கேட் வரைக்கும்.
இறக்கிவிட்டு, நேரம் எழுதி, கையெழுத்து வாங்கி வரும்போது
காலி வண்டி கொஞ்சம் கூடுதலாகக் குலுங்கும்.
நான் பார்த்தது அவ்வளவுதான்.
அதைச் சொன்னால்
தப்பான விடை எழுதினவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

என் சீட்டுக்குப் பின்னால் தர்ணிகா.
அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.
மூன்று ஆடிக்கு முன்னால்
யாரோ இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.
அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

"எங்கம்மா போன வண்டில ஜன்னல் இருந்துச்சா?"

இருந்துச்சு.
கீழ்ப்பாதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.
மேல்பாதி கண்ணாடி.

"மெதுவாப் போனீங்களா?"

இலக்கியம்பட்டியில ரெண்டு வேகத்தடை.
ரெண்டுலயும் முதல் கியர்தான்.

சரி என்பதுபோல் தலையாட்டினாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

கூட்ஸ் வந்தது.
ஐம்பத்தெட்டா ஐம்பத்தேழா என்று புதுச் சண்டை.
கேட் ஏறியது. நான் நகரவில்லை.
பின்னால் ஒரு லாரி கத்திக்கொண்டே இருக்க
பாடை தண்டவாளம் தாண்டி, தூக்குகிறவர்கள் தோள் மாற்றி,
எங்கள் ஜன்னலை உரசினாற்போல் போனது.

தர்ணிகா கையை வெளியே நீட்டினாள்.
உள்ளே இழு என்று அதட்ட வாயெடுத்தேன்.
சாயங்காலம் அவள் வீட்டு வாசலில்
எனக்குக் காட்டுகிற அதே டாட்டா.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
பறைக்காரர்
குச்சி பிடித்த கையால்
திருப்பிக் காட்டினார்.