அரைப்பேர்

முதல் கட்டம் முழுப்பெயர் கேட்டது,
கடவுச்சீட்டில் உள்ளபடி.

கடவுச்சீட்டில் நான் மருதவீரன் டிலோஜினி.
பிறப்புச் சான்றில் மருதைவீரன் திலோசினி.
பதிவுக்காரருக்கு அன்று கடும் தடிமனாம்,
அப்பா சொன்னதை மூக்கால் கேட்டிருக்கிறார்.
இருவரும் நான்தான் என்று
ஹட்டனில் சட்டத்தரணி முன் சத்தியம் செய்தேன்.
நான் ஒருத்தியாக இருப்பதற்கு
இரண்டாயிரம் ரூபாய்.

அம்மாவுக்குப் பதினெட்டுக் கிலோ.
பதினேழரை என்றால்
துண்டில் அரைப்பேர் என்று விழும்.
பேர் என்றால் இங்கே ஒரு நாள் வேலை.
இதை விளக்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

முகவரி, லைன் ஒன்று.
சிரித்துவிட்டேன்.
அவர்களுக்கும் லயம் இருக்கிறதா என்ன?
ஆறாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா.
லைன் இரண்டு:
தபாலுக்கு ஹார்ட்ஃபீல்ட் கீழ்ப்பிரிவு,
எங்கள் வாய்க்கு மூங்கிக்காட்டுத் தோட்டம்.
வீதியின் பெயர் இல்லாமல்
சிவப்பு நட்சத்திரம் நகரவிடவில்லை.
பீலிக்கரை வீதி என்று அடித்தேன்.
பீலி உண்டு, கரை உண்டு,
வீதியை மட்டும்தான் நான் போட்டேன்.

வீடு சொந்தமா? வாங்கிய ஆண்டு?
இன்றைய சந்தைப் பெறுமதி?
அப்பா கூரைத் தகரத்தில்
கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார்.
"நாலு தலமொறயா இருக்கோம்னு போடு."
அந்தக் கட்டம் இலக்கம் மட்டுமே ஏற்கும்.
பூச்சியம் போட்டேன்.
உடனே ஏற்றுக்கொண்டது.

அடுத்தது, அறுநூற்றைம்பது சொல்லில் உன்னைப் பற்றி.

முதல் வாரம் மண்சரிவை எழுதினேன்.
அட்டைக் கடியை, ஊறிப்போன சப்பாத்தை,
ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக்கூடக் கொண்டுவந்து வைத்தேன்.
எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்து
பதினாறு வருடம்.
வாசித்துப் பார்த்தால்
என்மேல் எனக்கே பரிதாபம் வந்தது,
அதன் பின்னாலேயே கோபமும்.
அழித்தேன்.

பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
அம்மாவின் இரண்டு வருடத்துக் கொழுந்துத் துண்டுகள்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
மலை காய்ந்து கிடந்த பெப்ரவரியிலும்
ஈரத்துக்கு ஒரு கிலோ.
பள்ளிக்கூட மழைமானியின் கணக்கை
பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வேலை நாள்,
அதில் இருநூற்று முப்பத்தேழு நாள்
ஒரு துளி விழவில்லை.
அத்தனை நாளும் அந்த ஈரம் எங்கே இருந்தது?
புள்ளிவிபரவியல் படிக்க விரும்புகிறேன் என்று
கீழே ஒரு வரி.
இன்னும் நூற்றுப்பத்துச் சொல் மிச்சம் இருந்தது.
விட்டுவிட்டேன்.

கெடு அவர்களுக்கு நள்ளிரவு,
எங்களுக்கு மறுநாள் காலை பத்தரை,
கொழுந்து நிறுக்கிற நேரம்.
சிக்னல் தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும்.
ஃபோனைத் தலைக்கு மேலே பிடித்து
சமர்ப்பி என்பதை அமத்தினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது,
மறுபடி சுற்றியது.
பிறகு திரையெங்கும்
வர்ணக் காகிதம் கொட்டியது.
வாழ்த்துகள் என்றது.

கொழுந்துச் சாக்கோடு அந்தப் பக்கம் ஏறிவந்த அம்மா
அதைப் பார்த்துவிட்டாள்.
"கெடச்சிருச்சா?"

கிடைப்பதென்றால் மார்ச் கடைசியில்.
நூறு பேரில் நாலு பேருக்கு.
அந்த நாலு பேரிலும்
முழுச்செலவும் தருவது யாருக்கோ.
இது கடிதம் கைக்கு வந்தது என்பதற்கான
வெறும் காகிதப் பூ.

நான் வாயைத் திறப்பதற்குள்
அவள் மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:
"ஏய் ராக்காயீ,
எங்க டிலோ அமெரிக்கா போறாடி!"
நிரைக்கு நிரை அது ஏறிப் போயிற்று.
எங்கிருந்தோ ஒரு விசில்.
கணக்கப்பிள்ளை தராசிலிருந்து தலையைத் தூக்கினார்.
சாக்கை என்னிடம் தராமல்
அவளே சுமந்துகொண்டு இறங்கினாள்,
கொஞ்சம் வேகமாக.

இன்னும் சொல்லவில்லை.

மாலையில் துண்டை நான்தான் வாங்கி
டின்னில் போட்டேன்.
பழக்கதோஷத்தில்
வானத்தையும் ஒருமுறை பார்த்துக் குறித்தேன்:
ஜனவரி இரண்டு, மழை இல்லை.
ஈரம் ஒரு கிலோ.
அரைப்பேர்.