பதினோராம் பத்தி

நூற்றுப் பதினெட்டாவதாய் வந்தது தம்பியின் பெயர்.
ஃபோண்டெநாட் என்று டிவியில் வாசித்தார்கள்.
ஃபோண்டெனோ! என்று வீடே திருத்திக் கத்தியது.
கிராலி நகரில் அன்றிரவு
அரிசி ஆலைச் சங்கு ஐந்து நிமிடம் முந்தி ஊதியதாகப் பேச்சு.
நான் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் வீலன் வந்தார்.
கிராஃபிஷ் வேகும் அண்டாவின் ஓரம்
சேறு படாத காலணியோடு நின்று
மூன்று சதவீதம் என்றார்.
மூன்றே மூன்று.

காப்பீட்டு ஆபீஸில் பதினோரு வருஷமாய்
பொடியெழுத்துப் படித்துப் பிழைப்பவள் நான்.
மழைநீர் வேறு, வெள்ளநீர் வேறு என்று
கொட்டகை இழந்தவனிடம் விளக்குவதற்குச் சம்பளம்.
கேட்டேன்:
எந்த எண்ணுக்கு எவ்வளவு என்று
லீக்கே விலை எழுதி ஒட்டிவிட்டது,
பேரமில்லாத சந்தையில்
தரகருக்கு என்ன வேலை?

"தொகை மட்டுமா ஒப்பந்தம்?" என்றார்
ஓட்டை உரித்தபடி.
விற்க வந்தவன் வேறென்ன சொல்வான்.
பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

கிளப் போன் செய்த அன்று
விதிப்படி எனக்கு வாய் கிடையாது.
உரிமம் உள்ள ஏஜென்ட் பேசலாம்,
ஆடுகிறவனே பேசலாம்,
அக்கா பேசக்கூடாது.
எனவே காகிதத் தட்டுகளில் எழுதித் தூக்கிப் பிடித்தேன்.

*கையெழுத்துப் பணம் எப்போது?*
இரண்டு தவணை, என்றது போன்.
*ஒரே தவணை கேள்.* கீழே இரண்டு கோடு.
கேட்டான்.
சரி என்றார்கள்.
இவ்வளவுதானா என்று
சமையலறையில் சத்தமின்றிக் குதித்தோம்,
இருபத்திரண்டு வயதில் நூற்றுநாற்பது கிலோ குதித்தால்
எவ்வளவு சத்தமின்றி முடியுமோ அவ்வளவு.
ஒன்பதாம் தட்டில்
*நன்றி சொல்லு* என்று மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட். பயிற்சியின் மூன்றாம் நாள்.
யாரும் மோதவில்லை.
புல்லில் திரும்பினான், முழங்கால் திரும்பவில்லை.

பதினோராம் பத்தி:
காயப்பட்டியலில் இருக்கும் வாரங்களுக்கு
சம்பளம் ஏறக்குறையப் பாதி.

படிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள்.
மஞ்சள் பேனாவால் கோடு போட்டவளே நான்தான்.
எழுதியிருந்தது, ஏற்றுக்கொண்டேன்,
எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் ஏற்றுக்கொள்வதைப்போல.
அடிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று
எந்தத் தட்டிலும் எழுதத் தோன்றவில்லை.

பக்கத்துப் படுக்கையில் நூற்று இருபத்தொன்று.
அவனுக்கு ஏஜென்ட் உண்டு, அதே பத்தியும் உண்டு.
நூற்று ஒன்பதுக்கு
முதல் வருஷத்துக்கு மட்டும் எடுத்துவிட்டார்களாம்.
எப்படி?
அவனுடைய ஏஜென்ட் கேட்டாராம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால்.
எந்த வார்த்தையில் அழுவது என்பதற்கா மூன்று சதவீதம்?
இழந்த பாதியையும் மிச்சம்பிடித்த மூன்றையும்
பத்தாம் தட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் கழித்துப் பார்க்கவில்லை.
வீலனிடமிருந்து பழக்கூடை வந்தது.
அட்டையில் பெயரை மட்டும்
சரியாக எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை, ஆபீஸ்.
தானியக் கொட்டகை கட்டிய ஒரு கிழவர்
கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.
மேனேஜரின் கதவு திறந்திருந்தது.
விரலை ஏழாம் பத்தியில் வைத்து
மெதுவாகச் சொன்னேன்,
இதை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அவர் என்னையே பார்த்தார்.
பிறகு, அவரும் குரலைத் தாழ்த்தி,
"இதுக்கு நான் உனக்கு எவ்வளவு தரணும்?" என்றார்.