மூன்று மில்லிமீட்டர்

மதியம் இரண்டரை. ஊலுவில் சூரியன் விழுந்தாயிற்று.
பனியுடுப்பின் ஜிப்பில் உலோகம், கழற்றச் சொன்னேன்.
முழங்கால் வெளுத்த பைஜாமாவில் நிற்கிறான் உர்ஹோ.
வயது ஒன்பது. பெயருக்கு வீரன் என்று பொருள்.
பள்ளி நாள்களில் மட்டும்
காலையில் வாந்தி எடுக்கிறான்.

போன வாரம் அட்டைச் சுரங்கத்தில் ஒத்திகை நடத்தினோம்.
சிலை விளையாட்டு என்றேன்.
சிலைகளுக்கு மூச்சு முட்டுமா
என்று கேட்டான்.

இன்று நிஜச் சுரங்கம். சம்மட்டிச் சத்தம்.
திரையில் முகங்கள் வரும், போகும்.
கோபத்துக்கு அவன் அசையவில்லை.
சிரிப்புக்கும் இல்லை.
எட்டாவதாக வந்தது எதுவுமில்லாத ஒரு முகம்.
கையிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டான்.
"இவர் என்ன நினைக்கிறார்னு தெரியல."

வெளியே அவன் அம்மா மிர்வா படிவம் நிரப்புகிறாள்.
ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி.
நாற்பத்தோராம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது.
"என்கிட்டேர்ந்து வந்ததா இது?"

மரபணு, கருவில் இருந்த மாதங்கள், தூக்கம்,
அப்பா வீட்டைவிட்டுப் போன வருடம்:
எல்லாவற்றுக்கும் என்னிடம் வரைபடம் உண்டு.
ஈ மொய்த்தாற்போல் புள்ளிகள்,
நடுவே தைரியமாய் ஒரு கோடு.
எந்தப் புள்ளியும் அந்தக் கோட்டின் மேல் உட்காரவில்லை.
தெரியவில்லை என்றேன்.
அப்போது என் முகம் எப்படி இருந்ததோ.

இரவு மென்பொருள் தீர்ப்புச் சொன்னது:
தலை அசைவு மூன்று மில்லிமீட்டர். நீக்கவும்.
விதி நான் எழுதியதுதான்.
அசைந்தால் படம் மங்கும்,
மங்கிய படம் பொய் சொல்லும்,
அதில் தப்பில்லை.
ஆனாலும் நீக்கியவர்களின் பட்டியலைத் திறந்தேன்.
இருபத்தாறு பிள்ளைகள்.
படிவங்களில் ஆக அதிகம் பயந்தவர்கள்
ஏறக்குறைய எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

பயத்தின் வேரைத் தேடி நான்கு வருடம்.
கையில் மிஞ்சியவர்கள்
அசையாமல் பயப்படத் தெரிந்தவர்கள்.

ஆஹ்தி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.
உர்ஹோவின் அசைவுக் கோட்டை மட்டும்
தனிக் கோப்பில் சேமித்தேன்.
எட்டாம் முகம் வரை தட்டை.
அங்கே ஒரு துள்ளல், மீன் வால் போல.
எந்த அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

வாகன நிறுத்தத்தில் மைனஸ் பத்தொன்பது.
கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகிறேன்.
கை நடுங்குகிறது,
மூன்று மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும்.