எப்போ வரும்

வேளச்சேரி முழுக்க கரண்ட் இல்லாத மூன்றாம் ராத்திரி
என் தலைக்குள் மட்டும் இருந்தது.
திரும்பினால் ஒரு பொறி.
கண்ணை ஓட்டினால் ஒரு பொறி.
பழைய பேட்டரியில் நாக்கு நுனியை வைத்த மாதிரி,
ஆனால் மூளையில்.

ஃபியூஸ் ஆஃப் கால் ஆபீசில் எனக்குப் பதினோரு வருஷம்.
இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்
ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்கிறவள்.
"எப்போம்மா வரும்?"
"தண்ணி வடியணும் சார்.
வடியாம குடுத்தா உயிர் போயிடும்."

ஆனி மாசம் நானும் இதையேதான் கேட்டேன்,
கீழ்ப்பாக்கத்தில்.
அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கக் கூசி
ஒரு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி
வெயிலில் திரும்பி நடந்த அன்று.
டாக்டர் சபீனா முதலில் எழுதியது பாதி மாத்திரை.
"எப்போ டாக்டர் வேலை செய்யும்?"
"ரெண்டு வாரம். நாலு. சிலருக்கு ஆறும் ஆகும்.
வயிறு கோபித்துக்கொள்ளும், அடங்கிவிடும்.
மனசு லேசாவதற்கு முன்னால்
கைகால் பரபரக்கலாம்.
அப்போது சாகிற நினைப்பு கூடினால்
சீட்டில் போட்ட தேதிக்குக் காத்திருக்காதே,
அன்றைக்கே வா."
பிறகு கதிரேசன் பக்கம் திரும்பினார்:
"அட்டை உங்களிடம் இருக்கட்டும்."

அவன் அதை ரேஷன் கார்டு உறையில் வைத்தான்.
காலையில் இட்லித் தட்டின் ஓரம்,
மிளகாய்ப் பொடிக்குப் பக்கத்தில், அரை வட்டமாக.

முதல் வாரம் பொடியைக் கண்டாலே குமட்டல்.
இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி
அந்த நினைப்பு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தது.
எழுப்பினேன்.
கதிரேசன் ஒன்றும் கேட்கவில்லை,
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
வண்டியை எடுத்தான்.
கீழ்ப்பாக்கம் என்று இந்தமுறை
செக்யூரிட்டியிடம் நானே சத்தமாகச் சொன்னேன்.

ஆறாம் வாரம்
பால் பாக்கெட்டை வெட்டும்போது ஏதோ முணுமுணுத்தேனாம்.
எனக்குத் தெரியாது.
அவன்தான் சொன்னான்,
சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

கார்த்திகை மழை.
தேவசகாயம் மெடிக்கல்ஸ் இடுப்பளவு தண்ணீரில்.
அட்டையில் காலிக் குழிகள் மட்டும்.
பக்கத்து சீட் லூர்துமேரி சொன்னாள்:
"நல்லாத்தானே இருக்கே, விட்டுத்தான் பாரேன்."
முதல் நாள் விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் லூர்துவிடமே எரிந்து விழுந்தேன்.
மூன்றாம் நாள், பொறி.

பைத்தியம் திரும்பிவிட்டது என்று நினைத்துத்தான்
ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டேன்.
வரிசையில் இருபது நிமிஷம்.
காத்திருப்பது என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மருந்து சட்டென்று நின்றதால் வருவது இது, பயப்படாதே.
கிடைத்ததும் வழக்கமான ஒன்று.
விட்டதற்கெல்லாம் சேர்த்து விழுங்கிவிடாதே.
வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாயா?"
இடுப்பு வலிக்கு நாத்தனார் கொடுத்தது, கைப்பையில்.
"பேரைப் படி."
டார்ச் அடித்து எழுத்துக்கூட்டினேன்.
"அதை இதோடு சேர்க்கவே கூடாது. கீழே வை."
வைத்தேன்.

கதிரேசன் திருவான்மியூர் வரை நடந்திருக்கிறான்.
சீட்டு இருந்தால்தான் தருவேன் என்றாராம் கடைக்காரர்.
பால் கவருக்குள் மடித்து
சட்டைக்குள் வைத்திருந்த சீட்டு
ஒரு மூலைதான் நனைந்திருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு
ஆபீஸ் டம்ளரில் தண்ணீர், முழு மாத்திரை ஒன்று.
பொறி உடனே நிற்கவில்லை.
ஒருநாள் நிறுத்தத்தான் போகிறோம்,
டாக்டர் சொல்லியிருக்கிறார்:
முழுசிலிருந்து பாதி, பாதியிலிருந்து கால்,
மாசக்கணக்கில், அவர் பார்க்கப் பார்க்க.
மழையைக் கேட்டு இல்லை. லூர்துவைக் கேட்டும் இல்லை.

போன் அடிக்கிறது.
"எப்போம்மா வரும்?"
"லைன்ல ஆள் இருக்காங்க சார்.
ஒவ்வொரு தெருவாத்தான் குடுப்பாங்க.
உங்க வீட்டுல யாருக்காவது
தினம் போடுற மாத்திரை இருக்கா?
தீர்ந்துடுச்சான்னு
கொஞ்சம் பாத்துக்கோங்க."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, மெதுவாக, ஒரு டிராயர் திறக்கும் ஓசை.