ஐந்துதான் கொள்ளும்

ஊமைப் படத்துக்குச் சத்தம் போட
எட்டாயிரம் ரூபாய். ஆட்டோ தனி.
வசந்த் நகர் அரங்கு, சனிக்கிழமை, ஏழு மணி.
பியானோவுக்கு வேறொருவர்:
காதல், கடிதம், ரயிலடி எல்லாம் அவருக்கு.
போர் முழுக்க எனக்கு.

துப்பாக்கி எப்படிச் சுடும் என்று நானறியேன்.
லிங்கராஜபுரத்தில் நான் கேட்டதெல்லாம்
திருவிழா வேட்டு,
மேம்பாலத்தில் நள்ளிரவில் வெடிக்கும் லாரி டயர்.
கொழுந்தன் சகாயநாதனைப் பிடித்தேன்.
அல்சூர் ஏரிக்கு அந்தப்பக்கம்
பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் துப்பாக்கி பழுதுபார்ப்பவன்.
பத்தொன்பது வருஷமாய் எண்ணெய் போடுகிறான்,
ஒருவரையும் சுட்டதில்லை.

பேக்கரி மேஜையில், சர்க்கரை டப்பாவில்
போனைச் சாய்த்து வைத்து
டீ ஆடை கட்டும்வரை பார்த்தான்.
"புகை பொய் அண்ணி.
இந்த ரகத்துக்கு இவ்வளவு வராது.
கேமராவுக்குத் தெரியணும்னு
கரிமருந்தை அடைச்சிருக்கான்."
கொஞ்சம் போய் நிறுத்தினான்.
"மெஷின்கன்னைப் பாருங்க. பெல்ட் நகரவே இல்ல.
சுடாத துப்பாக்கிக்கு
இத்தனை பேர் விழுறாங்க."
கதாநாயகன் சுடச்சுட விரல் மடக்கினான்.
ஏழு.
"மாசர் இது. ஐந்துதான் கொள்ளும்."
"நான் என்ன செய்யட்டும்?"
"ஐந்து அடிங்க. மிச்சத்துக்குச் சும்மா இருங்க."

பதினைந்து ராத்திரி ஒத்திகை.
ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்நேரின் விளிம்பு,
போல்ட் இழுக்க ஹை-ஹாட்டின் மிதி,
தோட்டா ஏற்ற வீட்டுச் சாவிக்கொத்து.
அந்தக் காலத்துப் படத்தை இந்தக் கால வேகத்தில் ஓட்டினால்
சாவுகூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது.
வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
அப்போதுதான் அவன் தெரிந்தான்.

மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்காவது.
எழுத்தில் பேரில்லாத கூலிக்கு வந்த ஆள்.
மற்றவர்கள் மழைக்கு விரிக்காத குடையைப்போல
தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.
இவன் விரல் மட்டும் விசைக்கு வெளியே
நேராய் நீண்டு கிடக்கிறது.
குண்டு பட்டதாய்ச் சொல்லியிருப்பார்கள், விழுகிறான்.
விழும்போதே மணிக்கட்டைத் திருப்பி
துப்பாக்கி வாய் சேற்றில் படாமல்
முழங்கை மேல் சாய்த்துவிட்டுச் சாகிறான்.

அந்தத் துண்டை மட்டும் அனுப்பினேன்.
ஒரு நாள் பதிலில்லை.
மறுநாள் டிபன் நேரத்தில் கூப்பிட்டான்.
"இவன் நிஜமா போய்ட்டு வந்தவன்."
பின்னால் எங்கோ கிரைண்டர் சுற்றும் சத்தம்.
"இன்னொண்ணு கவனிச்சீங்களா?
அவன் கையில இருக்கிறது கட்டை.
பெயிண்ட் அடிச்ச மரம்.
வாய்க்கு ஓட்டையே கிடையாது."

சனிக்கிழமை மழை. பாதி நாற்காலி ஈரக் குடைகளுக்கு.
மெஷின்கன்னுக்கு இரண்டு கையும் கொடுத்தேன்,
பொய் என்று தெரிந்தே கொடுத்தேன்,
முன்வரிசைச் சிறுவன் காதைப் பொத்தினான்.
கதாநாயகன் தோள் உயர்த்தினான்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.
ஆறாவது புகை வெறுமனே வந்தது.
ஏழாவதும்.
பியானோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.
யாரோ கனைத்தார்கள்.

பிறகு மூன்றாம் வரிசை எழுந்து ஓடியது.
அவனுக்கென்று ஒன்று வைத்திருந்தேன்,
டாம் தோலில் விரல்நுனி, மிக மெதுவாக.
அவன் மணிக்கட்டு திரும்பியதும்
கை தானாக மடியில் இறங்கிவிட்டது.
ஓட்டின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.
அதை நான் வாசிக்கவில்லை.

வெளியே ஒருவர் குடையை உதறிக்கொண்டே சொன்னார்:
"மெஷின்கன் அப்படியே நிஜம் மேடம்.
நடுவுல ரெண்டு அடி விட்டுப்போச்சு, பரவால்ல."
சிம்பல்களை உறையில் போட்டேன்.
ஆட்டோக்காரர் மழைக்கு இருநூறு கூடக் கேட்டார்.
போனில் சகாயநாதன், ஒரே ஒரு சொல்:
"எத்தனை?"
ஐந்து என்று அடித்தேன்.
அனுப்பும் முன்
திரையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.